முனியப்பனுக்கு லைசென்ஸ்

சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்த புதிதில், குடிப்பவர்களைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. குடிக்காதவர்களைப் பிடிப்பதில் அவ்வளவு சிரமம் இல்லை. குடிக்கிறவன் ஓடுவான், ஒளிவான், கரட்டுக் குன்றுப் பக்கம் போய்ப் புதரில் படுத்துக்கொள்வான். குடிக்காதவன் என்ன செய்வான்? கூப்பிட்டால் வந்து நிற்பான்.

எங்கள் ஊர் மொட்டைக்கரட்டூர். வெண்ணந்தூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று நாங்கள் சொல்லுவோம். நம்பி நடந்தவர்கள் உச்சி வெயிலில் வந்து சேர்ந்து எங்களைத் திட்டுவார்கள். இந்த ஊரையும் சுற்றுப்பட்ட ஊர்களையும் குடியிலிருந்து கரையேற்றுவதற்காக இன்ஸ்பெக்டர் சண்முகவேல் என்பவர் பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்தார்.

அவர் கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேலிடத்திலிருந்து அவருக்கு இரண்டு உத்தரவுகள் வந்திருந்தன. அவருடைய சரகத்தில் ஒரு குடிகாரன்கூட இருக்கக் கூடாது என்பது ஒன்று. மாதாமாதம் குடிகாரர்களைப் பிடித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. இல்லாத குடிகாரனை எங்கே போய்ப் பிடிப்பது என்று அவர் எழுதிக் கேட்டார். 'முயற்சி திருவினையாக்கும்' என்று பதில் வந்தது.

இல்லாமலும் இல்லை. கரட்டுக்குப் பின்புறம் சென்றாயன் என்று ஒருவன் வேலம்பட்டையும் வெல்லமும் போட்டுச் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஊருக்கே தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அவர் ஒழுங்காகப் போய்ச் சோதனை போடுவார். பானை அகப்படும், சென்றாயன் அகப்படமாட்டான். பானையில் இருப்பது சாராயம்தானா என்று நிச்சயம் செய்யாமல் கோர்ட்டுக்குப் போனால் கேஸ் தள்ளுபடியாகிவிடும். ஆகவே இன்ஸ்பெக்டர் மாந்தோப்பில் உட்கார்ந்து தாமே ருசி பார்த்து நிச்சயம் செய்வார். நிச்சயம் செய்து முடிக்கும்போது கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் பானையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. சட்டம் அப்படி இருக்கும்போது அவர்தான் என்ன செய்வார்?

இந்த நிலைமையில்தான் தை அமாவாசை வந்தது.

கரட்டடியில் எங்கள் முனியப்பன் இருக்கிறார். அமாவாசைதோறும் அவருக்குப் பூசை உண்டு. உடுக்கையும் பம்பையும் முழங்கினால் கந்தப்பன்மேல் அவர் வருவார். சாமி வந்து ஆடுகிறவனை எங்கள் பக்கத்தில் மருளாளி என்போம். கந்தப்பனின் தகப்பன் மருளாளி, பாட்டன் மருளாளி. தகப்பனுக்குச் சாமி பாதி, சாராயம் பாதி. கடைசியில் சாராயப் பாதிதான் ஆளைக் கொண்டுபோயிற்று. அன்றே கந்தப்பனின் ஆத்தாள் மகனைக் கூப்பிட்டுக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். அதிலிருந்து அவன் கள் விற்கிற திசையில் கால்கூட நீட்டிப் படுத்ததில்லை. மதுவிலக்கு வந்ததென்று தமுக்கு அடித்தபோது ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே ஆண்பிள்ளை அவன்தான். "போட்ட மகராசன் நல்லா இருக்கோணும்" என்று கும்பிட்டான்.

மற்ற நாட்களில் அவன் ஊர்ப் பெரியதனக்காரர் மருதாசலக் கவுண்டரின் கிணற்றில் கவலை ஓட்டுவான். தோற்பறையில் தண்ணீர் மொண்டு எருதுகள் சரிவில் முன்னோக்கி இறங்கும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் திரும்பாமல் அப்படியே பின்னோக்கி மேலே ஏறும். கந்தப்பனும் கூடவே முன்னால் போய்ப் பின்னாலேயே வருவான். வருஷக் கணக்காக இதுதான் அவன் உலக யாத்திரை.

தை அமாவாசை அன்று இன்ஸ்பெக்டர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். கூடவே கான்ஸ்டபிள் பெரியசாமி. அவர் ராசிபுரத்துப் பக்கத்து ஆள். கந்தப்பன் கண் சிவந்து, தலைமயிர் அவிழ்ந்து, கால் தரையில் பாவாமல் ஆடிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து சிறு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். 'குடிபோதையின் அடையாளங்கள்: கண் சிவத்தல், தள்ளாடுதல், உரக்கக் கத்துதல், அதிகாரிகளிடம் மரியாதைக் குறைவு' என்று அதில் இருந்தது. முதல் மூன்றும் கண்ணெதிரே இருந்தன. நான்காவதுக்காக அவர் இரண்டடி முன்னால் போனார்.

"டேய்! செருப்புக் காலோட எவன்டா எம்பட எல்லைக்குள்ள நிக்கறது?" என்றார் முனியப்பன்.

நான்கும் சரியாகிவிட்டன.

"அய்யா, அது சாமிங்க" என்றார் பெரியசாமி.

"சாமி என்று புத்தகத்தில் இல்லையே?"

"இல்லீங்க."

"அப்படியானால் பிடி."

ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே சாமி மலையேறிவிட்டது. கந்தப்பன் கண்ணைத் திறந்து பார்த்தான். தன் இடுப்பில் ஏன் கயிறு என்று பெரியசாமியைக் கேட்டான். பெரியசாமி ஒரு பீடி கொடுத்தார்.

ஸ்டேஷனில் முறைப்படி பரிசோதனை நடந்தது. கந்தப்பன் வாயை ஊதிக் காட்டினான். காலையில் குடித்த புளித்த கம்மங்கூழ் வாசனை வந்தது. 'புளித்த வாசனை' என்று எழுதிக்கொண்டார் இன்ஸ்பெக்டர். பிறகு வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோட்டின் மேலேயே போய், வந்து காட்டு" என்றார்.

கந்தப்பன் இம்மி பிசகாமல் கோட்டின் மேலேயே போனான். கடைசி வந்ததும் திரும்பாமல், கவலை எருது மாதிரி அப்படியே பின்னோக்கி நடந்து வந்து சேர்ந்தான். அதிலும் இம்மி பிசகவில்லை. இன்ஸ்பெக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'ஆசாமி பின்னோக்கி நடக்கும் அளவுக்குப் போதையில் இருந்தான்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

கோர்ட்டில் மருதாசலக் கவுண்டர் சாட்சி சொன்னார். "ஏனுங்க, அவன் குடிச்சிருந்தா நானே கட்டி வச்சு உரிச்சிருப்பனுங்க. அது சாமிங்க."

மாஜிஸ்திரேட் நல்லவர். சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். சாமிக்கு விலக்கு எங்கும் இல்லை. கந்தப்பனைப் பார்த்து, "இன்ஸ்பெக்டரை நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க எசமான்."

"நீதானே பேசினாய்?"

"வாய் என்னோடதுதானுங்க. பேசறது அவரு. அவரு வந்துட்டாருன்னா நான் அங்க இருக்கமாட்டனுங்க. ஒண்ணும் நெனப்பு இருக்காதுங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். 'தான் செய்ததும் சொன்னதும் தனக்கே நினைவில்லாமல் போவது போதையின் தலையாய அடையாளம்' என்று தீர்ப்பில் எழுதினார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப் போய், இரண்டாம் தடவை உரக்கப் படித்தார். முதல் குற்றம் என்பதால் எச்சரித்து விடுவதாகவும், இனி ஒரு தடவை கந்தப்பன் பொது இடத்தில் தள்ளாடினால் ஆறு மாதக் கடுங்காவல் என்றும் முடித்தார்.

ஆறு மாதம் என்பது கந்தப்பனுக்குக் கல்லைத் தூக்கித் தலையில் போட்ட மாதிரி இருந்தது. அவன் மனைவி செல்லாயி முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை தொட்டில் கட்டி அவிழ்த்த வீடு அது. இந்தப் பிள்ளை வைகாசியில் பிறக்க வேண்டும். அதற்குமுன் சித்திரையில் முனியப்பன் திருவிழா. பம்பை முழங்கினால் சாமி வரும். சாமி வந்தால் ஜெயில். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் சேலத்தில் கல் உடைத்துக்கொண்டிருப்பான்.

"ஏனுங்க, சாமிகிட்டச் சொல்லிப்போடுங்க. இந்த வருசம் மட்டும் வர வேண்டாமுன்னு" என்றாள் செல்லாயி.

"சாமிகிட்ட நாம சொல்றதா? அவரு நம்மகிட்டச் சொல்றதல்லோ வழக்கம்."

"இதை மட்டும் சொல்லுங்க. பெத்த தாய் கேக்கறேன்னு சொல்லுங்க."

கந்தப்பன் கரட்டடிக்குப் போய் நின்று பார்த்தான். வாய் வரவில்லை. வராதே என்று சாமியிடம் எப்படிச் சொல்வது? விருந்தாளியிடமே சொல்ல முடியாத வார்த்தை அது. கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

இதற்கிடையில் கந்தப்பன் கேஸ் ஊர் ஊராகப் பரவி, வேறு விதமாகப் பலன் கொடுக்க ஆரம்பித்தது. சாமிக்கும் குடிக்கும் வித்தியாசம் தெரியாமல் சர்க்கார் விழிக்கிறது என்ற செய்தி சென்றாயன் காதுக்கு எட்டிற்று. அடுத்த தடவை போலீஸ்காரர்களைக் கண்டபோது அவன் ஓடவில்லை. நடு ரஸ்தாவில் நின்று, "எட்டப் போங்க எசமான்! சாமி வந்திருக்குது! தொட்டா உங்களுக்குக் கை வெளங்காது!" என்றான். கான்ஸ்டபிள்கள் எட்டிப் போய்விட்டார்கள்.

அந்த மாசி மாதத்தைப் போல எங்கள் ஜில்லாவில் பக்தி என்றைக்கும் வளர்ந்ததில்லை. சந்தை கூடும் நாட்களில் சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கருப்பனார் விழுந்து கிடப்பார். ஓமலூர்ப் பக்கம் ஒரே வண்டியில் ஏழு பேருக்கு ஒரே மதுரை வீரன் வந்துவிட்டதாகவும், அவர்கள் ஒருவரையொருவர் பொய்ச் சாமி என்று அடித்துக்கொண்டதாகவும் சொன்னார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மளிகைக்காரர் மனைவிக்குப் பயந்து வீட்டுக்குள் நுழையும்போதே உடுக்கையோடு நுழைந்தாராம்.

சர்க்கார் விழித்துக்கொண்டது. விழித்துக்கொண்டால் அது வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்தது. ஒரு கமிட்டி போட்டது. 'அருள் பரிசோதனைக் கமிட்டி' என்று பெயர். உதவிக் கலெக்டர் தலைவர். இன்ஸ்பெக்டர் சண்முகவேல் காரியதரிசி. சாமி விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டல்லவா?

கமிட்டி எங்கள் ஊருக்கும் வந்து, பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கூடியது. தலைவர் எழுந்து நின்று பேசினார்:

"மகாஜனங்களே! சர்க்கார் கடவுளுக்கு விரோதி அல்ல. கடவுள் இருக்கிறார் என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்டு அதற்கான விடுமுறைகளும் விட்டிருக்கிறது. ஆனால் எந்தச் சாமி, எந்த ஊரில், எத்தனை மணிக்கு, யார்மேல் வரப்போகிறது என்பது சர்க்காருக்கு முன்கூட்டித் தெரியாமல் இருப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் மேலிடத்து அனுமதி இல்லாமல் நான் ஒரு நாளாவது உணர்ச்சி வசப்பட்டது உண்டா? என் சம்சாரம் காலமானபோதுகூட, லீவு சாங்ஷன் ஆகி வந்த பிறகுதான் அழுதேன். நேற்றுப் பிறந்த சின்னச் சின்னச் சாமிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கூடாதா?"

எல்லோரும் கை தட்டினோம். தட்டாவிட்டால் அவருக்கு மனசு கஷ்டப்படும். அதற்கும் அவர் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

பிறகு காரியதரிசி, தாம் எழுதிய விதிகளைப் படித்தார். இனிமேல் சாமி ஆட விரும்புகிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சாமி பிற்பகல் நான்கு மணிக்குமேல் வந்து ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். அதிகாரிகளை 'டேய்' என்று கூப்பிடக் கூடாது. எவன் மேலாவது சந்தேகம் வந்தால், அவன் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, ஆணிச் செருப்பில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். தாங்கினால் சாமி, தாங்காவிட்டால் சாராயம். இதையெல்லாம் படித்து முடித்து, கடைசி விதியைச் சற்றுப் பெருமையோடு படித்தார்: லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சாமி வராமல் நிற்கிறவன் சர்க்காரை ஏமாற்றியவன் ஆவான், அவனுக்கும் ஆறு மாதம்.

கந்தப்பனை முன்னால் கூப்பிட்டார்கள்.

"மாதிரிக்கு ஒரு தடவை சாமியை வரவழைத்துக் காட்டு" என்றார் தலைவர்.

"பம்பை இல்லீங்களே எசமான்."

தலைவர் வரவேற்புக்காகச் சேலத்திலிருந்து போலீஸ் பாண்டு வந்திருந்தது. அதை வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் ஊதல்களை வைத்து ஒரு சீமை மெட்டை ஊதினார்கள். கந்தப்பன் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான். முனியப்பனுக்கு அந்த மெட்டு பழக்கமில்லை. வரவில்லை.

"பேஷ்! நேரமல்லாத நேரத்தில் வரவில்லை. ஒழுங்கான சாமி" என்று சொல்லி, தலைவர் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார்.

கந்தப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எசமான், ஆறு மணிக்கு அவரு போகலீன்னா?" என்று கேட்டான்.

"போதை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்."

"நான் என்னங்க பண்ணட்டும்? அவருகிட்டக் கடியாரம் இல்லீங்களே."

தலைவர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி, "அது சாமியின் பொறுப்பு" என்றார்.

சித்திரைத் திருவிழா வந்தது. சாயங்கால வெயிலில் கரட்டடி முழுக்க ஜனம். கிடாய்கள் மாலையோடு வரிசையாக நின்றன. மருளாளி வாயால் சாமி உத்தரவு கொடுத்தால்தான் அவற்றை வெட்டலாம். உதவிக் கலெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கடியாரம் இருந்தது. இன்ஸ்பெக்டரை மட்டும் காணவில்லை. அவர் மத்தியானம் சென்றாயனின் பானைகளைப் பிடித்திருந்தார். திருவிழாப் பானைகள், வழக்கத்தைவிட அதிகம். மாந்தோப்பில் நிச்சயம் செய்துகொண்டிருந்தார்.

கந்தப்பன் குளித்து, ஈர வேட்டியோடு சந்நிதியில் வந்து நின்றான். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் லைசென்ஸ் தொங்கியது. பம்பை முழங்கிற்று. உடுக்கை அதிர்ந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் செல்லாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி வந்து போகாமல் நின்றுவிட்டாலும் ஜெயில், வராவிட்டாலும் ஜெயில். எதை வேண்டிக்கொள்வதென்று தெரியாமல், பாவம், அவள் வெறுமனே "முனியப்பா, முனியப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாமி வரவில்லை.

மற்றச் சமயங்களில் பம்பையின் முதல் அடியிலேயே கந்தப்பனின் அடிவயிற்றில் ஒரு சூடு கிளம்பும். அது முதுகுத்தண்டில் ஏறித் தலைக்குப் போகும்போது கந்தப்பன் இருக்கமாட்டான். அன்று சூடு கிளம்பியது. கிளம்பியதும், 'மணி என்ன இருக்கும்?' என்று ஒரு நினைப்பு வந்தது. சூடு இறங்கிவிட்டது. மறுபடி கிளம்பியது. கண் தானாகப் போய் உதவிக் கலெக்டரின் மடியைப் பார்த்தது. மறுபடி இறங்கிவிட்டது. அப்புறம் கிளம்பவே இல்லை. பாட்டன் காலத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர் தன்னால் நின்று போனார் என்று அவனுக்குத் தோன்றியபோது, அத்தனை ஜனத்துக்கு நடுவில் கந்தப்பன் அழுதான். அழுகை ஆட்டமாக மாறும் என்று பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அது அழுகையாகவே இருந்தது.

ஆறு மணி ஆயிற்று. "லைசென்ஸ்தாரர்மீது சாமி வரவில்லை" என்று உதவிக் கலெக்டர் குறித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் மாந்தோப்புப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. கூட்டம் விலகி வழி விட்டது. இன்ஸ்பெக்டர் சண்முகவேல் வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை. கண் இரண்டும் கோவைப்பழம். ஒரு கால் கிழக்கே போக ஆசைப்பட்டது, இன்னொன்று மேற்கே. சந்நிதிக்கு வந்து நின்று, நேரே உதவிக் கலெக்டரைப் பார்த்து, "டேய்!" என்றார்.

பம்பை நின்றுவிட்டது. உதவிக் கலெக்டரின் முகம் வெளுத்தது. "மிஸ்டர் சண்முகவேல்! இது என்ன?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டருக்குப் பாதி தெளிந்தது. அந்தப் பாதியில் வேலை, பென்ஷன், ஆறு மாதக் கடுங்காவல் எல்லாம் தெரிந்தன. அந்தச் சமயத்தில் கான்ஸ்டபிள் பெரியசாமி அவரைக் காப்பாற்றினார்.

"அய்யாவுக்குச் சாமி வந்துருச்சுங்கோ!" என்று கத்தினார்.

பெண்கள் குலவை போட்டார்கள். பம்பை பிடித்துக்கொண்டது. உதவிக் கலெக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். தம் காரியதரிசி குடிகாரர் என்று எழுதினால் கமிட்டியின் தலைவருக்கு நல்ல பெயரா? "அப்படியா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "சாமிதானே, மிஸ்டர் சண்முகவேல்?"

"சா... சாமிதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மருதாசலக் கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாக முன்னால் வந்தார். "சாமி வந்தது எங்க பாக்கியமுங்க. ஆனா சர்க்கார் விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே. அதை நாங்க மீறலாமுங்களா? அடே, கற்பூரத்தை எடுத்தாங்கடா! அந்த ஆணிச் செருப்பையும் கொண்டாங்க!"

இன்ஸ்பெக்டரின் கையை நான்கு பேர் பக்தியோடு பிடித்துக்கொண்டார்கள். உள்ளங்கையில் கட்டிக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார்கள். அவர் போட்ட சத்தம் வெண்ணந்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். இவ்வளவு உக்கிரமான சாமியை இதற்குமுன் பார்த்ததில்லை என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆணிச் செருப்பில் தூக்கி நிறுத்தினார்கள். அவர் ஆடிய ஆட்டத்தைக் கந்தப்பன் ஜென்மத்தில் ஆடியதில்லை.

"சாமி, வாக்குக் குடு!" என்றது கூட்டம்.

செல்லாயி எழுந்து வந்தாள். அவளுக்கு இதில் எது பொய், எது நிஜம் என்று பார்க்க அவகாசமில்லை. சந்நிதியில் யார் ஆடினாலும் அது சாமி. அவர் காலில் விழுந்தாள்.

"சாமி! எம்பட ஊட்டுக்காரரு ஜெயிலுக்குப் போவாருங்களா?"

"மாட்டான்! மாட்டான்! போகமாட்டான்! செருப்பை எடுங்கள்!" என்றார் சாமி.

சட்டம் சட்டந்தான். மறு வாரமே கந்தப்பன்மேல் கேஸ் போட்டார்கள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சாமி வராமல் சர்க்காரை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் இல்லாமல் ஆடியதைப் பற்றிக் கமிட்டி கூடி விவாதித்து, கடமையில் இருக்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று தீர்மானித்துவிட்டது. அவருக்கு வந்தது சாமிதான் என்று உதவிக் கலெக்டர் கைப்பட எழுதிய குறிப்பும் அதோடு இருந்தது.

அதே கோர்ட், அதே மாஜிஸ்திரேட். இன்ஸ்பெக்டர் கையில் கட்டோடு சாட்சிக் கூண்டில் ஏறி, சாமி வராத விவரத்தைச் சொன்னார்.

"நீ என்ன சொல்கிறாய்?" என்று மாஜிஸ்திரேட் கந்தப்பனைக் கேட்டார்.

"நான் என்னங்க சொல்றது? வரலீங்க. ஆனா நான் ஜெயிலுக்குப் போகமாட்டேன்னு முனியப்பனே வாக்குக் குடுத்திருக்குறாருங்க."

"யார் வாயால்?"

"இந்த எசமான் வாயாலதானுங்க."

மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொன்னீரா?"

இன்ஸ்பெக்டர் தயங்காமல் சொன்னார்: "எனக்கு ஞாபகம் இல்லை."

மாஜிஸ்திரேட் மெதுவாகத் தம் பழைய தீர்ப்பை எடுத்து வரச் சொன்னார். தமக்குப் பிடித்த வாக்கியம் அதில் இருந்த இடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உரக்கப் படித்தார். 'தான் செய்ததும் சொன்னதும் தனக்கே நினைவில்லாமல் போவது போதையின் தலையாய அடையாளம்.' படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்ஸ்பெக்டர்வாள், அன்றைக்கு உமக்கு வந்தது என்ன?"

"சாமிதான்! கமிட்டியே எழுதியிருக்கிறது. சாமியேதான்!" என்றார் இன்ஸ்பெக்டர். நெற்றி வியர்த்துவிட்டது.

"சாமி என்ன சொல்லிற்று?" என்று மாஜிஸ்திரேட் கான்ஸ்டபிளைக் கேட்டார்.

"போகமாட்டான்னு மூணு தடவை சொல்லுச்சுங்க. செருப்பையும் எடுக்கச் சொல்லுச்சுங்க" என்றார் பெரியசாமி.

சாமி வாக்கைப் பொய்யாக்கினால் இன்ஸ்பெக்டர் குடிகாரர் ஆகிவிடுவார். இன்ஸ்பெக்டர் குடிகாரர் ஆனால் கமிட்டி பொய் ஆகிவிடும். கமிட்டி பொய்யானால் சர்க்கார் என்ன ஆவது? கந்தப்பன் விடுதலை ஆனான். அவன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கும்பிட்டபடியே பின்னோக்கி நடந்து கோர்ட்டைவிட்டு வெளியே வந்தான். மாஜிஸ்திரேட் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அமாவாசைதோறும் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி, இன்ஸ்பெக்டர்வாள் வந்து அருள் பாலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். வராவிட்டால் அன்றைக்கு வந்தது என்ன என்ற கேள்வி எழும். வந்தார். கற்பூரமும் ஆணிச் செருப்பும் தயாராக இருந்தன. ஆடி மாதம் அவர் எழுதி எழுதிக் கேட்டு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். சென்றாயன் மட்டும் உண்மையாக வருத்தப்பட்டான்.

கந்தப்பன் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். யார் கேட்டாலும், "அவரு வாரதில்லீங்க" என்று சொல்லிவிடுவான். பூசையன்று கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நிற்பான். பொது இடத்தில் தள்ளாடினால் ஆறு மாதம் என்ற பழைய தீர்ப்பு இன்னும் அப்படியேதான் இருந்தது. அதை யாரும் ரத்துச் செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போவதற்கு முன்பே, அந்த வைகாசியில் ஒரு காலை நேரம், அவன் கவலை ஓட்டிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து ஆள் வந்தது. எருதுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அவன் வாசலுக்கு வரவும் பிள்ளையின் முதல் அழுகை வெளியே வரவும் சரியாக இருந்தது. நல்ல கனத்த அழுகை. பம்பையும் இல்லை, உடுக்கையும் இல்லை. கந்தப்பனின் அடிவயிற்றில் சூடு கிளம்பி விறுவிறுவென்று ஏறியது. தெருவில் நின்றபடியே தலைமயிர் அவிழ்ந்தது. உடம்பு ஆட ஆரம்பித்தது.

தெருக்கோடியில் சென்றாயனும் இரண்டு பேரும் சட்டியும் கையுமாகச் சாவகாசமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்திருந்த இன்னொரு கான்ஸ்டபிள் அவர்களைத் தாண்டி, தெருவில் யாராவது தள்ளாடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

செல்லாயி பாயில் கிடந்தவாறே, கேட்ட சத்தத்தில் புரிந்துகொண்டாள்.

"ஏனுங்க! சாமியை ஊட்டுக்குள்ள கூட்டியாந்து கதவைச் சாத்துங்க!"